தாத்தாவின் ரிவால்வர்: கேள்வி பதில்

லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையில் பதிவேடு எழுதுவதும், வருகிற பழைய துப்பாக்கிகளைப் பார்த்து இன்னது என்று சொல்வதும் என் வேலையாக இருந்தது. வீட்டுப் பெரியவர் காலமான பிறகு பீரோவிலோ பரணிலோ ரிவால்வர் கிடைத்தவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பலரும் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் பேப்பரைத்தான் கேட்பேன். ஏன் என்பது பதில்களில் தெரியும்.

காரைக்குடியிலிருந்து: அப்பா மூன்று மாதம் முன்பு தவறிவிட்டார். பீரோவில் தோல் உறையோடு ஒரு ரிவால்வரும் லைசென்ஸ் புத்தகமும் இருக்கின்றன. எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் லைசென்ஸ் இல்லை. இப்போது என்ன செய்வது?

லைசென்ஸ் உங்கள் அப்பாவின் பெயருக்குக் கொடுக்கப்பட்டது. அவர் போனதும் அதன் செல்லுபடியும் போய்விட்டது. ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 21 சொல்வது இதுதான்: தேவையில்லாமல் தாமதிக்காமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். மூன்று மாதம் ஆகிவிட்டது என்று பயந்துகொண்டு இன்னும் தள்ளிப்போடாதீர்கள். இறப்புச் சான்றிதழ் நகலோடு ஒரு கடிதம் எழுதி உடனே கொடுங்கள்.

ஒப்படைத்தால் பொருள் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். உங்கள் பெயரில் லைசென்ஸ் வாங்கித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால், வைத்திருக்கத் தகுதியுள்ள ஒருவருக்கு விற்றுப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். இரண்டு உரிமையையும் அதே பிரிவு வாரிசுக்குத் தருகிறது. ஆனால் விதித்த காலத்துக்குள் எதுவும் செய்யாமல் விட்டால் அரசு எடுத்துக்கொள்ளும். அதனால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதில் கம்பெனி பெயர், போர் அளவு (குழல் துளையின் விட்டம்), துப்பாக்கி எண், தோட்டாக்களின் எண்ணிக்கை எல்லாம் இருக்க வேண்டும்.

வீட்டைவிட்டுக் கிளம்பும் முன், தோட்டா உள்ளே இருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். பழக்கமில்லாதவர்கள் கை வைக்க வேண்டாம். ஸ்டேஷனுக்குப் போன் செய்து, ஆளை அனுப்பச் சொல்லலாம். "பல வருஷமாகச் சும்மா கிடந்தது, ஒன்றும் இருக்காது" என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள்.

தேனியிலிருந்து: பரணைச் சுத்தம் செய்தபோது டிரங்குப் பெட்டியில் ரிவால்வர் கிடைத்தது. லைசென்ஸ் எதுவும் இல்லை. தாத்தாவுக்கு இருந்ததா என்றும் தெரியவில்லை.

முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள், அதுவும் இன்றைக்கே. லைசென்ஸ் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு முதல் ஐந்து ஆண்டு சிறை. தடை செய்யப்பட்ட வகை என்றால் ஏழிலிருந்து பதினான்கு ஆண்டு வரை. எப்போது, எங்கே, யார் முன்னிலையில் கிடைத்தது என்று எழுத்தில் கொடுத்து, வக்கீலோடு போய் ஒப்படைப்பதுதான் ஒழுங்கான வழி. தாத்தா வாழ்ந்த மாவட்டத்தின் கலெக்டர் ஆபீஸ் பழைய பதிவேட்டில் அந்தத் துப்பாக்கி எண் இருக்கலாம். கிடைத்தால் உங்களுக்குப் பெரிய பலம். கிணற்றில் போடுவது, தோட்டத்தில் புதைப்பது போன்ற யோசனைகளைச் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

கோயம்புத்தூரிலிருந்து: மாமனாருடையது, இப்போது கடையில் டெபாசிட்டில் இருக்கிறது. நடுவில் மடங்கித் திறக்கிறது. இடது பக்கம் வெப்ளி, பேட்டன்ட், 1917 என்றும் மார்க் 6 என்றும் பொறித்திருக்கிறது. கைப்பிடி அடியில் ஒரு வளையம். இது என்ன துப்பாக்கி சார்?

நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. பர்மிங்காமில் வெப்ளி அண்ட் ஸ்காட் செய்த மார்க் 6. பிரிட்டிஷ் ராணுவம் 1915-இல் ஏற்றுக்கொண்ட மாடல், போர் அளவு .455, குழல் ஆறு அங்குலம். முதல் மார்க் 1887-இல் வந்தது. அந்த வரிசையில் இதுவே கடைசி. கைப்பிடியைப் பாருங்கள்: அடிப்பாகம் சதுரமாக முடிந்தால் மார்க் 6. கிளி மூக்குபோல வளைந்து முடிந்தால் அதற்கு முந்தைய மார்க்குகளில் ஒன்று. அடியில் உள்ள வளையம் கயிறு கோத்துத் தோளில் மாட்டிக்கொள்வதற்கு. 1917 என்பது செய்த வருஷம். அதாவது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். இதே மார்க் 6-ஐ 1920-களில் என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையும் செய்தது. அதில் வெப்ளி பெயருக்குப் பதில் கிரீடமும் என்ஃபீல்டு என்ற பெயரும் இருக்கும்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது இன்னும் மூன்று விஷயங்களைக் காட்டச் சொல்லுங்கள். ஒன்று, அம்பு முனை போன்ற சின்னம். அது இருந்தால் அரசுச் சொத்தாக இருந்தது என்று அர்த்தம். இரண்டு, சோதனை முத்திரைகள். பர்மிங்காம் சோதனைச் சாலை 1904-லிருந்து பி.வி., பி.பி., என்.பி. என்ற எழுத்துகளை மேலே கிரீடத்தோடு பொறித்தது. மூன்றாவதுதான் முக்கியம்: தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளையான சிலிண்டரின் பின்பக்க முகம். .455 தோட்டா கிடைக்காமல் போன காலத்தில், .45 தானியங்கிப் பிஸ்டல் தோட்டாவைப் போடுவதற்காகப் பல மார்க் 6-களின் சிலிண்டரைப் பின்னால் சீவிவிட்டார்கள். சீவிய இடம் வெளிறிப் பளபளக்கும், எண்ணில் பாதி அழிந்திருக்கும். அந்தத் தோட்டா இந்தத் துப்பாக்கி தாங்கும் அளவைவிட அதிக அழுத்தம் தரும். சீவியதை யாரும் சுட்டுப் பார்க்கக் கூடாது. சேகரிப்பவர்களிடமும் அதற்கு மதிப்பு பாதிதான்.

மற்றவர்களுக்கும் சேர்த்து ஒன்று. சின்னதாக, மடங்காமல், வலது பக்கம் ஒரு குட்டிக் கதவைத் திறந்து தோட்டா போடும் ரிவால்வர் என்றால் உடனே வெப்ளி என்று முடிவு கட்டாதீர்கள். வெப்ளியின் புல்டாக் மாடலை பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் ஏராளமாக நகல் எடுத்தார்கள். நீள்வட்டத்துக்குள் இ, எல், ஜி என்ற மூன்று எழுத்தும் ஒரு நட்சத்திரமும் இருந்தால் அது லியேஜ் சரக்கு. அந்த வட்டத்தின் மேல் கிரீடம் இருந்தால் 1893-க்குப் பிந்தையது. ஆர்மி அண்ட் நேவி, ரோடா, மான்டன் போன்ற பெயர்கள் குழலின் மேல் இருந்தால், அது விற்ற கடையின் பெயர். செய்தவர் பெயர் வேறு இடத்தில் இருக்கும்.

அதே வாசகர்: இதன் விலை பத்து லட்சம் என்கிறார்கள், உண்மையா?

அந்தக் கணக்கு .32 ரிவால்வர்களைக் கேள்விப்பட்டு வந்தது. 1980-களின் நடுவிலிருந்து தனியாருக்கு வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி அடைபட்டுவிட்டது. அதனால் லைசென்ஸில் ஏறியிருக்கும் பழைய வெப்ளி, ஸ்மித் அண்ட் வெசன், கோல்ட் .32-களுக்குக் கான்பூர் அரசுத் தொழிற்சாலை ரிவால்வரின் விலையைவிடப் பல மடங்கு சொல்கிறார்கள். சாதாரண லைசென்ஸ்காரர் யாரும் வாங்கலாம், தோட்டாவும் கிடைக்கும், அதனால் கிராக்கி.

உங்களுடையது .455. நம் நாட்டில் .455, .380 தோட்டா ஏறும் ரிவால்வர்கள் தடை செய்யப்பட்ட போர் வகை, கடையில் சொல்வதுபோல் பி.பி. (புரோஹிபிட்டட் போர்; மேலே சொன்ன சோதனை முத்திரை இல்லை). அதற்கு லைசென்ஸ் தருவது உள்துறை அமைச்சகம், கலெக்டர் இல்லை. பி.பி. அனுமதி கையில் உள்ள ஆள்தான் வாங்க முடியும், அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு. வெளிநாட்டு ஏலத்தில் நல்ல விலை போகிற மார்க் 6, இங்கே வாங்க ஆளில்லாமல் வருஷக்கணக்கில் கடை அலமாரியில் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதே அலமாரியில் அதற்குப் பக்கத்தில் வைத்த, அதைவிட மட்டமான ஒரு .32 பாக்கெட் ரிவால்வர் உடனே போய்விடும். வயதைவிட, கம்பெனியைவிட, போர் அளவும் லைசென்ஸ் புத்தகமும்தான் இங்கே விலையைத் தீர்மானிக்கின்றன. லைசென்ஸில் அடையாள எண் ஏறியிருக்கிறதா, ரினீவல் முத்திரைகள் இடைவிடாமல் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

நிலைமையும் ஒரு பங்கு உண்டு. பொறித்த எழுத்துகளைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். ஓரங்கள் கூர்மையாக இருந்தால் பழைய பூச்சு அப்படியே இருக்கிறது. எழுத்துகள் மழுங்கி, திருகு ஓட்டையைச் சுற்றிப் பள்ளம் விழுந்திருந்தால் யாரோ பஃபிங் அடித்து மறுபூச்சு பூசியிருக்கிறார்கள். எவ்வளவு பளபளத்தாலும் அது விலையைக் குறைக்கும்.

விருதுநகரிலிருந்து: நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருளுக்கு லைசென்ஸே வேண்டாம் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார்.

சட்டத்தைப் பாதி படித்திருக்கிறார். பிரிவு 45, பழைய மாடல், பழம்பொருள் மதிப்புள்ளது, பழுதானது ஆகியவற்றுக்கு விலக்கு தருகிறது. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதே வரியில் இருக்கிறது. ஸ்பிரிங் ஒன்று மாற்றினால் சுடும் என்றால் விலக்கு கிடையாது. சரி, நாமே லேத் பட்டறையில் குழலை அடைத்துவிடலாம் என்றும் சிலர் கேட்கிறார்கள். லைசென்ஸ் இல்லாத பட்டறைக்குத் துப்பாக்கியைக் கொண்டுபோவதே குற்றம்.

நாகர்கோவிலிலிருந்து: துரு ஏறியிருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டாம்மா. புளி, உப்புத்தாள், பிராசோ எதுவும் கூடாது. டெபாசிட் கடைக்காரரிடம் மெல்லிய எண்ணெய் தடவி வைக்கச் சொல்லுங்கள், போதும். தோல் உறைக்குள் மட்டும் வைக்க வேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு துருவை வளர்க்கும், அதுவும் உங்கள் கடற்கரைக் காற்றில். உறையைத் தனியாக வையுங்கள். அதற்கும் மதிப்பு உண்டு.

தஞ்சாவூரிலிருந்து: விற்க மனமில்லை. என் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியுமா? எனக்கு வயது 34.

முடியும். ஆயுத விதிகள் 2016, விதி 25 வாரிசுக்கு லைசென்ஸ் தருவதைப் பற்றியது. ஏ-1 படிவம், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் வேண்டும். அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், வேலை பெரும்பாலும் நிற்பது இந்த இடத்தில்தான். அப்புறம் போலீஸ் விசாரணை. சென்னையில் போலீஸ் கமிஷனர், மாவட்டத்தில் கலெக்டர் முடிவு செய்வார்கள். 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, பரம்பரைச் சொத்தும் அந்தக் கணக்கில்தான் சேரும். அப்பா உயிரோடு இருக்கும் வீடுகளுக்கும் ஒன்று சொல்கிறேன்: 70 வயது ஆனவரோ 25 வருஷம் வைத்திருந்தவரோ தம் காலத்திலேயே வாரிசுக்கு மாற்றிக்கொடுக்க அதே விதி இடம் தருகிறது. இதைச் செய்துவைத்தால் பிள்ளைகள் அலைய வேண்டியதில்லை.

சேலத்திலிருந்து: ஒரு புரோக்கர் ரொக்கம் தருகிறேன், பேப்பரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்.

கொடுக்காதீர்கள். அந்தத் துப்பாக்கி நாளை ஏதாவது குற்றத்தில் பிடிபட்டால், பதிவேட்டில் இருப்பது உங்கள் அப்பாவின் பெயர், போலீஸ் வந்து நிற்பது உங்கள் வாசலில். தனி ஆளுக்கு விற்பதானால், யாருக்கு விற்கப் போகிறீர்கள் என்று மாவட்ட மாஜிஸ்திரேட் அதிகாரம் உள்ள கலெக்டருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்து, 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற வேண்டும். வாங்குபவரின் லைசென்ஸில் வாங்கும் அனுமதி இன்னும் காலாவதி ஆகவில்லையா என்று மூலப் பிரதியில் பாருங்கள், போட்டோவில் பார்க்காதீர்கள். லைசென்ஸ் உள்ள கடை மூலம் விற்றால் கொஞ்சம் கமிஷன் போகும். முதல் தடவை விற்பவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

புதுக்கோட்டையிலிருந்து: கைப்பிடி தந்தம் என்கிறார்கள்.

தந்தம் என்றால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 குறுக்கே வரும். வனத்துறையின் உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தாலும் விற்க முடியாது, வாரிசாக வைத்திருக்கலாம். பல சமயம் அது எலும்பாகவோ செல்லுலாய்டாகவோ இருக்கும். வனத்துறையே பார்த்துச் சொல்லட்டும்.

லண்டனிலிருந்து: மதுரையில் உள்ள தாத்தாவின் 1915 வெப்ளியை இங்கே கொண்டுவந்து ஏலத்தில் விடலாமா?

அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். நூறு வருஷம் கடந்த, வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் வெளியே அனுப்ப 1972 தொல்பொருள் சட்டம் விடாது. அங்கேயும் .455 ரிவால்வர் பழம்பொருள் விலக்குக்குள் வராது.

அமெரிக்காவின் ஓஹாயோவிலிருந்து: என் கணவர் அமெரிக்கர். அவருடைய தாத்தாவின் கோல்ட் சிங்கிள் ஆக்ஷன் ரிவால்வர், எண் 1,71,000-ஐ ஒட்டி. இங்கே நிலைமை எப்படி?

உங்கள் ஊர்க் கதை வேறு. அங்கே மத்தியச் சட்டப்படி 1898 முடிய செய்த துப்பாக்கி பழம்பொருள். இந்த மாடல் 1873-இல் தொடங்கியது. 1898 முடியும்போது எண்கள் 1,82,000-ஐ ஒட்டி வந்திருந்தன. ஆகவே உங்களுடையது அந்தக் கோட்டுக்கு உள்ளேதான் விழுகிறது. கோல்ட் கம்பெனியின் ஆவணப் பிரிவுக்குப் பணம் கட்டி எழுதினால், எந்தத் தேதியில், என்ன பூச்சோடு, எந்தக் கடைக்கு அனுப்பினார்கள் என்று கடிதம் தருவார்கள். விற்பதற்கு முன் அதை வாங்கிவிடுங்கள். அசல் பூச்சோடு, துப்பாக்கியின் உடற்சட்டகத்திலும் கைப்பிடிப் பகுதியிலும் ஒரே எண் இருந்தால் பல ஆயிரம் டாலர் போகும். மாநிலச் சட்டத்தையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அடகுக்கடையில் சொல்லும் முதல் விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள், பழந்துப்பாக்கி ஏலம் நடத்தும் இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

சிவகங்கையிலிருந்து: கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு வெள்ளைக்கார கலெக்டர் பரிசாகக் கொடுத்தது என்று வீட்டில் சொல்வார்கள். இதனால் விலை கூடுமா ஐயா?

எழுத்தில் இருந்தால் கூடும். துப்பாக்கியின் மேல் பெயரும் தேதியும் வெட்டியிருக்கிறதா, கடிதமோ புகைப்படமோ இருக்கிறதா என்று பாருங்கள். 1878 ஆயுதச் சட்டத்தின் கீழ் கொடுத்த பழைய லைசென்ஸ் தாள்கள் சில வீடுகளில் நிலப் பத்திரக் கட்டோடு கிடக்கும். அதில் எண் பொருந்தினால் அருமையான ஆதாரம். மரப்பெட்டி, உள்ளே பச்சைத் துணி, எண்ணெய்க் குப்பி, துடைக்கும் கம்பி இவையெல்லாம் இருந்தால் ஒன்றைக்கூடப் பிரித்து விற்காதீர்கள். வயதான அத்தை, பெரியப்பா யாராவது இருந்தால் அவர்கள் சொல்வதை இப்போதே எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கி வையுங்கள். கதை மட்டும் இருந்தால் வாங்குபவர் அதற்குத் தனியாகக் காசு தர மாட்டார். ஆனால் உங்கள் வீட்டுக்கு அது வேண்டும். துப்பாக்கி கைமாறினாலும் அந்தத் தாளின் மூலப் பிரதியை நீங்களே வைத்துக்கொண்டு, நகலை மட்டும் கொடுங்கள்.