போர்சைட் என்பது என்ன? அதற்காக சில்வர் ஓக்கை வெட்ட வேண்டுமா?

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம். வாசலில் குழாய் நட்டு டிடி ஃப்ரீ டிஷ் வைத்திருக்கிறோம். கொஞ்ச நாளாக மழை தூறினாலே படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது. பார்க்க வந்த மெக்கானிக், "போர்சைட் கிளியரா இல்லீங்க, எதிர்ல நிக்கிற சில்வர் ஓக்க வெட்டிருங்க" என்கிறார். போர் போட்ட இடத்தைச் சொல்கிறாரோ என்று குழம்பிப் போனோம். மரம் 40 அடி தள்ளி நிற்கிறது, 60 அடி உயரம் இருக்கும். மாமனார் வைத்தது. மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. வெட்டித்தான் ஆக வேண்டுமா ஐயா?
- ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: அரிவாளை எடுக்காதீர்கள் அம்மா. மரத்தின் மேல் தப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் குழம்பியதிலும் தப்பில்லை. ஆழ்துளைக் கிணற்றுக்கு நாம் சொல்லும் 'போர்'தான் இதுவும். துளை என்று பொருள். திருச்செங்கோட்டு வண்டி வந்து போர் போட்டுவிட்டுப் போனதும், முகம் பார்க்கும் கண்ணாடியில் வெயிலைப் பிடித்துக் குழிக்குள் அடித்துத் தண்ணீர் மின்னுகிறதா என்று பார்ப்போமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி துளி சாய்ந்தாலும் வெளிச்சம் பக்கச் சுவரில் மோதி நின்றுவிடும். குழியின் நடு அச்சோடு ஒன்றினால்தான் அடிவரை இறங்கும். அந்த நடு அச்சு வழியாகப் பார்ப்பதுதான் போர்சைட்.

சொல் பிறந்தது துப்பாக்கியில். குழலுக்கு மேலே இருக்கும் குறிகாட்டி ஒரு புள்ளியைக் காட்டும். குழல் வேறு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் பின்பக்க அடைப்பைக் கழற்றிவிட்டு, குழலின் துளை வழியாகவே இலக்கைப் பார்த்து, குறிகாட்டியை அதற்கு ஒத்துவரத் திருகுவார்கள். பீரங்கி என்றால் வாயில் நூலைக் கூட்டல் குறி போலக் கட்டிவிட்டுப் பின்னாலிருந்து பார்ப்பது வழக்கம். பிறகு ரேடாரும் ஆன்டெனாவும் வந்தன. அவற்றில் துளை ஏது? ஆனாலும் சொல் ஒட்டிக்கொண்டது. ஆன்டெனா எந்தக் கோட்டில் சிக்னலை அதிகபட்சமாக வாங்குகிறதோ, அந்தக் கோடே அதன் போர்சைட். "ரெண்டு டிகிரி ஆஃப் போர்சைட்" என்றால், குறி அந்தக் கோட்டிலிருந்து 2 டிகிரி விலகியிருக்கிறது என்று அர்த்தம். தமிழில் 'குறிநோக்கு அச்சு' எனலாம்தான். ஆனால் அதைப் போய் மெக்கானிக்கிடம் சொன்னால், நீங்கள் குழம்பியது போல அவர் குழம்புவார்.

உங்கள் மெக்கானிக் சொல்லைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார், கோட்டைத்தான் தவறவிட்டிருக்கிறார். தொண்ணூறுகளில் கேபிள்காரர்கள் மொட்டை மாடியில் வைத்த பெரிய வலை டிஷ்களில் முகம் பார்க்கும் திசையும் போர்சைட்டும் ஒன்றேதான். வீட்டுக்கு வரும் சின்ன டிஷ் அப்படியல்ல. ஒரு பெரிய பரவளையக் கிண்ணத்தின் நடுப்பகுதியை விட்டுவிட்டு ஓரத்துத் துண்டை வெட்டி எடுத்தது போன்ற வடிவம் அது. எல்.என்.பி. (டிஷ்ஷுக்கு முன்னால் கம்பி நுனியில் நின்று சிக்னலை வாங்கும் சின்னக் கருவி) டிஷ்ஷின் முகத்தை மறைக்கக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதனால் முகம் பார்க்கும் திசைக்கு மேலே ஏறத்தாழ 22 முதல் 26 டிகிரி வரை (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) தள்ளித்தான் உண்மையான போர்சைட் போகும். டிஷ் உங்கள் மரத்தின் நடுத்தண்டை முறைப்பது போலத் தெரியும். அது வாங்குவதென்னவோ உச்சிக்கும் மேலே இருக்கும் வானத்திலிருந்து.

கணக்கைப் பாருங்கள். ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. அது நிலநடுக்கோட்டுக்கு மேலே, கிழக்கு 93.5 டிகிரியில், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஏற்காட்டிலிருந்து பார்த்தால் வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் 127 டிகிரி, அதாவது தென்கிழக்கு. தரையிலிருந்து ஏறத்தாழ 67 டிகிரி உயரம். அப்படியானால் டிஷ்ஷிலிருந்து 1 அடி தள்ளிப் போகப் போக, கோடு 2.3 அடிக்கு மேல் ஏறிவிடும். 40 அடியில் 90 அடியைத் தாண்டியிருக்கும். உங்கள் மரம் மேட்டுப் பாத்தியில் நின்று டிஷ் மட்டத்துக்கு மேல் இன்னும் 10 அடி கூடினாலும் 70 அடிதான், ஏறத்தாழ 60 டிகிரியோடு நின்றுவிடும். டிஷ் பக்கம் கிளை ஏதும் நீண்டிருந்தால் அது ஒன்றுதான் சந்தேகம்.

அதைப் பார்க்க ஒரு வழி உண்டு. ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் 15 வாக்கிலும் செப்டம்பர் 28 வாக்கிலும், சூரியன் அந்தச் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். மார்ச்சில் காலை 11.15 போல, செப்டம்பரில் 11 மணி போல. அப்போது சில நிமிஷம் படம் தள்ளாடினால் பயப்பட வேண்டாம், சூரியனிலிருந்து வரும் அலைகளின் குறுக்கீடு அது. அந்த நேரத்தில் டிஷ் மீது இலை நிழல் விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். வெயில் முழுசாக விழுந்தால் போர்சைட் சுத்தம்.

பின்னே மழையில் படம் ஏன் போகிறது? டிஷ் காற்றில் கொஞ்சம் திரும்பியிருக்கும் என்பதே என் ஊகம். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலம் மொத்தமே 3 டிகிரிக்குள். அச்சிலிருந்து ஒன்றரை டிகிரி விலகினால் பாதி சிக்னல் போய்விடும். வெயில் நாளில் மீதிப் பாதியே போதும், படம் பளிச்சென்று வரும், யாருக்கும் சந்தேகம் எழாது. மழைத்துளி அதிலும் கைவைக்கும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது. (ஏற்காட்டு மூடுபனி இதில் பெரிதாக ஒன்றும் செய்யாது. பழி அதன் மேல் விழுவதுதான் வழக்கம்.)

மறுபடி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். படம் வந்ததும் நட்டை முறுக்கிவிட்டுக் கிளம்ப விடாதீர்கள். இடது பக்கம் திருப்பி சிக்னல் அறுந்துபோகும் இடத்தில் குழாயில் ஒரு கோடு, வலது பக்கம் அறுந்துபோகும் இடத்தில் ஒரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுவில் நிறுத்தச் சொல்லுங்கள். மேல் கீழுக்கும் அப்படியே. குழாய் செங்குத்தாக நிற்கிறதா என்று முதலிலேயே தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்துவிடுவது நல்லது. எல்.என்.பி.யைத் திருகுவது அலையின் சாய்வுக்காக, அதனால் போர்சைட் மாறாது.

மார்ச் வரை பொறுக்க முடியாதென்றால், பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் கோணமானியின் நடுத்துளையில் நூல் கோத்து, நுனியில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். டிஷ்ஷுக்குப் பக்கத்தில் கண்ணை வைத்து, கோணமானியின் நேர் விளிம்பு வழியாக மர உச்சியையும் அந்தக் கிளையின் நுனியையும் பாருங்கள். நூல் காட்டும் எண்ணுக்கும் 90க்கும் உள்ள வித்தியாசம்தான் உயரக் கோணம். 64 டிகிரிக்குக் கீழே இருந்தால் விட்டுவிடலாம். கிளை மட்டும் அதைத் தாண்டினால், நிழல் குறைக்கக் கிளை கழிக்கும்போது அதையும் சேர்த்துக் கழியுங்கள். மிளகுக்கொடிக்கு ஒன்றும் ஆகாது.