வெடிக்கு அசையாத நாய்

அன்புள்ள சார்,

சென்னையில் கைவிடப்படும் ராஜபாளையம் நாய்களை மீட்க நானும் மூன்று நண்பர்களும் ஒரு குழு தொடங்கப்போகிறோம். ‘முரட்டு நாய், சொன்ன பேச்சு கேட்காது, கடிக்கும்’ என்று சொல்லி யாரும் தத்தெடுக்க வருவதில்லை. ‘நம் மண்ணின் வீர இனத்தைக் காப்போம்’ என்று போஸ்டர்கூட தயார். குழுவை ட்ரஸ்ட்டாகப் பதிவு செய்வதா, சொசைட்டியாகவா? நிதி எப்படித் திரட்டுவது?

எஸ்., வேளச்சேரி

அன்புள்ள எஸ்.,

ட்ரஸ்ட்டா சொசைட்டியா என்பதை ஒரு ஆடிட்டரிடம் கேளுங்கள், அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார். நிதி திரட்டும் வழியை எழுத்தாளனிடம் கேட்ட முதல் ஆள் நீங்களாகத்தான் இருக்கும். நான் எழுத உட்கார்ந்தது அந்தப் போஸ்டருக்காக. இந்த ‘வீர இனம்’ கொஞ்ச நாளாகவே என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

2005-ல் ராஜபாளையத்துக்குத் தபால்தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பாராட்டினார். சந்தோஷம்தான். ஆனால் பெருமைக்காக வாங்கிய நாயைப் பெருமை தீர்ந்ததும் என்ன செய்வார்கள்? வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் வளர்ந்த, இரண்டடிக்கு மேல் உயரமுள்ள பிராணியை அபார்ட்மென்ட் பால்கனியில் கட்டிப்போட்டால் அது குரைக்காமல் கந்த சஷ்டி கவசமா சொல்லும்? அப்புறம் ஒருநாள் காரில் ஏற்றிக் கொண்டுபோய் ஆளில்லாத இடமாகப் பார்த்து இறக்கிவிடுகிறார்கள். 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படியே அது குற்றம். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லாதது அதன் காது.

ராஜபாளையம் என்றால் பால் வெள்ளையாக இருக்க வேண்டும், மூக்கு ரோஸாக இருக்க வேண்டும் என்று நாம்தான் தேடித் தேடி வாங்குகிறோம். அந்த வெள்ளைக்கு ஒரு விலை உண்டு. உட்காதுக்கும் நிறமிச் செல்கள் வேண்டும். அவை இல்லாவிட்டால் ஒலியை வாங்கும் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துபோகும். டால்மேஷன் நாய்க்கும் இதே பிரச்சினை. எல்லா ராஜபாளையமும் செவிடு இல்லை. ஆனால் செவிடாகப் பிறக்கிற குட்டியை யாரும் செவிடு என்று சொல்வதில்லை, திமிர் பிடித்தது என்கிறார்கள்.

சின்ன வயதில் நாங்கள் பெரம்பூரில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். பின் வரிசையில் ஒரு ஃபோர்மன் வீட்டில் டைகர் என்று ஒரு வெள்ளை ராஜபாளையம். தீபாவளியன்று தெரு நாய்களெல்லாம் வாலைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு எங்காவது ஒளிந்திருக்கும். டைகர் மட்டும் வராந்தாவில் முன்னங்காலில் மோவாயை வைத்துத் தூங்கும். ஃபோர்மன் வேண்டுமென்றே அதற்குப் பின்னால், வாசலில், ஒரு லட்சுமி வெடியைப் பற்றவைப்பார். “பாத்தியா, அசையுதா? ராஜபாளையம்டா!” வந்திருந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். எங்கள் ஆயா கதவோரம் நின்று, “அதுக்குக் காது கேக்கல, இவருக்குக் கண்ணு தெரியல” என்று முனகிவிட்டு உள்ளே போய்விடும். அதே ஃபோர்மன் மறுநாள் கூப்பிட்டு நாய் திரும்பிப் பார்க்கவில்லை என்று பெல்ட்டை எடுப்பார். வெடிக்கு அசையாதது வீரமாம், கூப்பிட்டு வராதது திமிராம். கடைசியில் தூங்கும்போது தடவிக்கொடுத்த பையனின் மணிக்கட்டைக் கவ்விவிட்டது. எங்கோ கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். எங்கே என்று எங்களுக்குச் சொல்லவில்லை.

ஆகவே நாய் வந்ததும் முதல் வேலை காதைச் சோதிப்பது. முன்னால் நின்று கை தட்டாதீர்கள், கையைப் பார்த்தே திரும்பிவிடும். தட்டைக் கீழே போடாதீர்கள், தரை அதிர்வது காலில் தெரியும். அது வேறு பக்கம் பார்க்கும்போது, தள்ளி நின்று சாவிக்கொத்தை ஆட்டுங்கள். காது மடல் துடிக்கிறதா என்று பாருங்கள். ஒரு காது மட்டும் போன நாய் இதிலும் ஏமாற்றும். சத்தம் கேட்டதும் மூளையில் எழும் மின் அலையைப் பதிந்து பார்க்கிற பரிசோதனை ஒன்றுதான் நிச்சயமாகச் சொல்லும். வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள்.

செவிட்டு நாயை வளர்க்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கை ஜாடையை அழகாகக் கற்றுக்கொள்ளும். சங்கிலி இல்லாமல் தெருவில் விடக்கூடாது. எழுப்புவதற்கு மூக்கருகே கையை நீட்டினால் போதும், வாசனை பிடித்துத் தானே கண் திறக்கும்.

இனம் அழிகிறது என்ற புலம்பலுக்குள் தயவுசெய்து போகாதீர்கள். சைதாப்பேட்டையில் அரசே ஒரு நாய் இனப்பெருக்க மையம் நடத்திக்கொண்டிருந்தது. 2016-ல் அதை மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். இனத்தைப் பெருக்குவது உங்கள் வேலை இல்லை. கருத்தடை ஆபரேஷனும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடியாமல் ஒரு நாயைக்கூட வெளியே கொடுக்காதீர்கள். எடுத்துப் போகிறவர் மாநகராட்சி லைசென்ஸ் வாங்குகிறாரா என்று பின்னாலேயே போய்ப் பாருங்கள்.

போஸ்டரில் ‘வீர இன’த்தை அடித்துவிட்டு, செவிட்டு நாயாக இருந்தால் ‘இதற்கு இரண்டு காதும் கேட்காது, தூங்கும்போது தொடாதீர்கள்’ என்று எழுதுங்கள். அதைப் படித்த பிறகும் போன் செய்கிறவருக்கு நாயைக் கொடுங்கள். “ரோஸ் மூக்கா, ஜோடி சேர்க்கலாமா” என்று கேட்டு வருகிறவருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.