ஓட்டை போட்ட டிஸ்க்கில் விரிசல், கைவிரிக்கும் கடைக்காரர்

கேள்வி: ஓசூரில் சிறிய தொழிற்கூடம் வைத்திருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் காருக்கு, பெங்களூருவில் ஒரு கடையில் கிராஸ் டிரில்டு (துளை போட்ட) பிரேக் டிஸ்க் ஒரு ஜோடி வாங்கி முன்சக்கரங்களில் மாட்டினேன். விலை 1,38,000 ரூபாய். பில் என் கம்பெனி பெயரில். மாட்டுகூலி 6,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன், அதற்குப் பில் தரவில்லை. வாங்கும் முன்பே ‘காட் ரோடு (மலைச்சாலை), ரேஸ் டிராக் எல்லாம் தாங்குமா?’ என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். ‘எதுக்கும் தாங்கும், கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுங்க சார்’ என்று பதில் வந்தது. ஏழாவது மாதம் சேலம் போகையில் தொப்பூர் இறக்கத்தில் ஸ்டீயரிங் உதறியது. கழற்றிப் பார்த்தால் இரண்டு இடங்களில் ஓட்டைக்கு ஓட்டை விரிசல்; இன்னொன்று விளிம்பு வரை ஓடியிருக்கிறது. ‘டிரில்டு டிஸ்க்னா கிராக் வரத்தான் செய்யும், தேயுற பொருளுக்கு வாரண்டி இல்லை, நீங்க டிராக்கில் ஓட்டியிருப்பீங்க’ என்கிறார் கடைக்காரர். கோவை டிராக்கில் அரை நாள் ஓட்டியது உண்மை. அதைச் சொல்லாமல் விடலாமா? கார் விலையையும் சேர்த்து 25 லட்சம் கேட்கலாமா?

பதில்: மற்றதெல்லாம் பிறகு. அந்த டிஸ்க்குகள் இப்போது எங்கே இருக்கின்றன? ‘கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கிறோம், கொடுத்துட்டுப் போங்க’ என்று கடைக்காரர் கேட்டால் கொடுக்காதீர்கள். ‘லேத்தில் ஒரு கட்டிங் போட்டா சரியாயிடும்’ என்று மெக்கானிக் சொன்னாலும் கேட்காதீர்கள். விளிம்பு வரை போன விரிசல் லேத்தில் சரியாகாது. அதோடு உங்கள் சாட்சியும் தூளாக உதிர்ந்துவிடும். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். டிஸ்க்கில் பொறித்திருக்கும் எண்ணும் குறைந்தபட்ச தடிமன் அளவும் படத்தில் தெரிய வேண்டும். துருப் பிடிக்காமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வையுங்கள். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பழைய பிரேக் பேடுகளையும் தூக்கி எறிய வேண்டாம். ‘தப்பான பேடு போட்டிருந்தார்’ என்பது எதிர்த்தரப்பு வக்கீல் எடுக்கும் முதல் ஆயுதமாக இருக்கும்.

இனி கடைக்காரர் வாதத்துக்கு வருவோம். அவர் சொல்வது பாதி உண்மை, அதனால்தான் அது உங்களுக்கு ஆபத்து. வார்ப்பிரும்பு டிஸ்க் பிரேக் பிடிக்கும்போது சூடேறி விரிகிறது, விட்டதும் குளிர்ந்து சுருங்குகிறது. துளை இருக்கும் இடத்தில் இந்த இழுவிசை குவிவதால், துளையின் ஓரத்தில்தான் மயிரிழை விரிசல் முதலில் தோன்றும். தொப்பூரில் லாரிகளுக்குப் பின்னால் பிரேக்கை மிதித்தபடியே ஊர்ந்து இறங்கினால் டிஸ்க் ஆறவே வாய்ப்பில்லை. டிராக்கில் இது இன்னும் கடுமை. பந்தயக் கார்கள் பலவற்றில் துளைக்குப் பதிலாக வெறும் கோடு வெட்டிய டிஸ்க்கைப் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே ‘விரிசல் விட்டது, அதனால் இது குறைபாடுள்ள பொருள்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வழக்கு அங்கேயே தள்ளாடும். ஓரத்து மயிரிழை வேறு. துளைக்குத் துளை சேர்ந்ததும் விளிம்பைத் தொட்டதும் வேறு. உங்களுடையது இரண்டாம் வகை, உடனே கழற்ற வேண்டிய நிலை. ஆனால் கழற்ற வேண்டிய நிலை என்பதாலேயே அது தயாரிப்புப் பிழை ஆகிவிடாது.

உங்கள் வழக்கின் உயிர் அந்த வாட்ஸ்அப் பதிலில் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் பிரிவு 2(10), ‘குறைபாடு’ என்பதை உலோகத்தில் உள்ள பிழையோடு நிறுத்தவில்லை. வியாபாரி எந்த விதத்திலாவது எந்தத் தரத்தைச் சொல்லி விற்றாரோ, அந்தத் தரம் இல்லையென்றாலும் குறைபாடுதான். காட் ரோட்டுக்கும் டிராக்குக்கும் தாங்கும் என்று சொல்லி விற்ற பொருள் ஏழு மாதத்தில் இந்த நிலைக்கு வந்தால், ‘டிரில்டு டிஸ்க்குக்கு இது சகஜம்’ என்ற அவருடைய பேச்சே அவருக்கு எதிராகத் திரும்பும். சகஜம் என்று தெரிந்தவர் விற்கும்போது அதை ஏன் சொல்லவில்லை? பொருளின் பயனைப் பற்றித் தவறான எண்ணம் ஊட்டுவது பிரிவு 2(47)-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. வேலைக்குப் பில் தர மறுப்பதும் அதே பிரிவில் வருகிறது. அந்த ஜிபே ரசீதையும் இணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பை வெறும் ஸ்கிரீன்ஷாட்டாகக் கொடுக்காதீர்கள். உரையாடலை முழுதாக அச்சிட்டு, பாரதிய சாட்சிய அதிநியம் (பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 63-இன்கீழ் சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். பழைய போனை மாற்றிவிடவும் வேண்டாம்.

பில் கம்பெனி பெயரில் இருப்பதை எதிர்த்தரப்பு நிச்சயம் பிடித்துக்கொள்ளும். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்பது சட்டம். ஆனால் கம்பெனி வாங்கியது என்பதாலேயே வணிக நோக்கம் ஆகிவிடாது. இயக்குநரின் சொந்த உபயோகத்துக்காக ஒரு கம்பெனி வாங்கிய கார் வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது; வணிக நோக்கம் என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்றவர் மீதுதான். ஆர்.சி. உங்கள் சொந்தப் பெயரில் இருந்தால் வேலை இன்னும் சுலபம். அந்தப் பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு (கட்டிய ஜி.எஸ்.டி.யை கம்பெனிக் கணக்கில் கழித்துக்கொள்வது) எடுத்திருக்கிறீர்களா என்று உங்கள் ஆடிட்டரிடம் இன்றே கேளுங்கள். எடுத்திருந்தால் ‘சொந்த உபயோகம்’ என்ற வாதம் பலவீனப்படும்.

வழக்குக்காகப் பெங்களூரு போக வேண்டாம். நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் செய்யலாம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34 இடம் கொடுக்கிறது, அதாவது கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டுகள். முதலில் 15 நாள் அவகாசத்தோடு, டெலிவரி சான்று கேட்டு ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். பில்லிலோ பெட்டியிலோ இறக்குமதியாளர் பெயர் இருந்தால் அவரையும் சேருங்கள். கார் தயாரித்த கம்பெனியைச் சேர்க்காதீர்கள். அவர்கள் கொடுத்த டிஸ்க்கைக் கழற்றியதே நீங்கள்தானே.

கடைக்காரரின் வார்த்தை பலமான சாட்சி என்றாலும், நிபுணர் அறிக்கை இல்லாமல் போகக் கூடாது. சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் உலோகவியல் துறை இருக்கிறது. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி இன்னும் பக்கம். அங்கே யாராவது பார்த்து எழுதித் தருவார்களா என்று கேளுங்கள். ஆனால் டிஸ்க்கை அறுத்துச் சோதிக்க இப்போது அனுமதிக்காதீர்கள். அதே சட்டத்தின் பிரிவு 38-இன்படி ஆணையமே முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பக் கேட்டு மனு போடலாம். செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். ஆனால் அந்த அறிக்கையை ‘காசு கொடுத்து வாங்கியது’ என்று யாரும் சொல்ல முடியாது.

டிராக்கில் ஓட்டியதை மறைக்கலாமா? கூடவே கூடாது. புகாரோடு பிரமாணப் பத்திரம் கொடுக்கப் போகிறீர்கள். தவிர, அந்த அரை நாளில் எடுத்த ஒரு படம்கூட இன்ஸ்டாகிராமில் ஏறவில்லையா? ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். நீங்களே முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்: ‘டிராக்குக்குத் தாங்கும் என்று எதிர்மனுதாரர் உறுதி சொன்னதால் இந்தத் தேதியில் ஓட்டினேன்.’ அவர் வீச வைத்திருந்த கல் அவர் கையிலேயே தங்கிவிடும்.

25 லட்சத்தை மறந்துவிடுங்கள். ஒரு பாகத்தை மாற்றினால் தீரும் குறைக்கு முழு வண்டியையும் மாற்றித்தரச் சொல்ல முடியாது என்று 2006-இலேயே உச்ச நீதிமன்றம் ஒரு கார் வழக்கில் சொல்லிவிட்டது. உங்கள் காரில் அந்த ஜோடி டிஸ்க்கைத் தவிர வேறெதுவும் கெடவில்லை, யாருக்கும் அடிபடவில்லை என்பதால் அந்தச் சட்டத்தின் பொருள் பொறுப்பு அத்தியாயமும் (குறையுள்ள பொருளால் ஆளுக்கோ வேறு உடைமைக்கோ வந்த கேட்டுக்கு இழப்பீடு) உங்களுக்கு உதவாது. டிஸ்க் விலை, மாட்டுகூலி, ஆய்வுச் செலவு, வழக்குச் செலவு, மன உளைச்சலுக்கு அளவான ஒரு தொகை. அவ்வளவு கேளுங்கள். இன்சூரன்ஸ் பக்கமும் போக வேண்டாம், இயந்திரப் பழுது வழக்கமான பாலிசியில் வராது.

வழக்கு முடியும்வரை காரைச் சும்மா நிறுத்தவும் தேவையில்லை. ஆனால் விரிசல் விட்ட டிஸ்க்கோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்; பழுது தெரிந்தே ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190-இன்கீழ் குற்றம். காரோடு வந்த துளையில்லாத ஒரிஜினல் டிஸ்க் பரணில் கிடந்தால், தடிமனை அளந்து பார்த்து அதையே மாட்டச் சொல்லுங்கள். இந்த முறை கூலிக்குப் பில் வாங்குங்கள், அதையும் நோட்டீஸில் சேர்க்கலாம்.