தார்ப் புகையா, ஜல்லித் தூசியா?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர். என் கணவர் ஹாட் மிக்ஸ் பிளாண்டில் (ரோட்டுக்கு ஜல்லியும் தாரும் கலக்கும் இடம்) ஜல்லி கொட்டும் இடத்தில் பல வருடம் இருந்தார். பிறகு ரோட்டில் தார் போடும் வேலை. நாலைந்து கான்ட்ராக்டர் மாறிவிட்டார். மாஸ்க் யாரும் தந்ததில்லை. மூச்சிரைப்பால் 2025 ஏப்ரலில் வேலையை விட்டார், அப்போது வயது 50. ஆஸ்பத்திரியில் சிஓபிடி (நாள்பட்ட மூச்சடைப்பு நோய்) என்கிறார்கள். கடைசி கான்ட்ராக்டர் எங்கள் ஊர்க்காரர். "பீடி குடிச்சா நெஞ்சு கெடாதா" என்கிறார். ஊர்ப் பெரியவர்களை வைத்து ஒன்றரை லட்சம் தருகிறாராம், பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார். போலீசில் புகார் கொடுக்கலாமா?

பதில்: அம்மா, ஊர்க்காரரே இப்படிப் பேசினால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் நஷ்டஈட்டு மனுவை விசாரிக்கும் தொழிலாளர் துணை ஆணையர் முன்னால் அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை. மாஸ்க் தராத கதையும் தேவைப்படாது, தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தில் முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதே இல்லை. போலீஸ் புகாரை விடுங்கள். சிவில் கோர்ட்டில் நஷ்டஈட்டு வழக்கும் போடாதீர்கள், போட்டால் ஆணையரிடம் வரும் வழி அடைபடும். சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்திருந்தால் மட்டும் போக வேண்டிய இடமே வேறு.

பார்க்க வேண்டியது, டாக்டர் எழுதும் நோயின் பெயர்.

1923-ஆம் ஆண்டின் அந்த நஷ்டஈட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்நோய்ப் பட்டியல் இருக்கிறது. (2025 நவம்பர் 21-இல் புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு அமலுக்கு வந்தது. இவர் அதற்கு முன்பே வேலையை விட்டதால் பழைய கணக்கில் சொல்கிறேன்.) தாரின் பெயர் சொல்லி அதில் வருவது தோல் புற்றுநோய். சிஓபிடி இல்லை. பட்டியலில் இல்லாத நோய் என்றால், வேலையில் நடந்த குறிப்பிட்ட ஒரு விபத்தின் காயத்தால் வந்தது என்று காட்ட வேண்டும். வருடக்கணக்கில் சுவாசித்த புகையை அப்படிக் காட்ட முடியாது. தொழில்வழி ஆஸ்துமா உண்டு, ஆனால் ஒரே முதலாளியிடம் தொடர்ந்து 6 மாதம் வேண்டும். ஐப்பசி மழைக்குத் தார் வேலை நிற்குமே, எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அந்த இடைவெளியைத்தான்.

உங்களுக்குக் கைகொடுக்கக்கூடியது ஜல்லித் தூசி. அந்தக் கல்தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் பட்டியலில் இருக்கிறது. பல முதலாளிகளிடம் வேலை பார்த்திருந்தாலும் அவர்களுக்குள் பொறுப்பைப் பிரித்துப் போட ஆணையருக்கு அதிகாரம் உண்டு. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மாதிரி ஓர் இடத்தில் நுரையீரல் டாக்டரைப் பார்த்து, பிளாண்ட் வேலையைச் சொல்லி, அதைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். பீடியை மறைக்க வேண்டாம். மறைத்தது குறுக்கு விசாரணையில் வெளியே வந்தால் மற்றதும் பொய்யாகிவிடும்.

அப்புறம் அந்தப் பத்திரம். என்னிடம் வருகிறவர்கள் விழும் குழி இதுதான். உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதிக் கொடுத்தால் செல்லாது. நஷ்டஈடு என்று எழுதி ஆணையரிடம் பதியாமல் கொடுத்தாலும் முழுத் தொகைக்கு முதலாளி பொறுப்பாளிதான், கொடுத்ததில் பாதிக்கு மேல் கழிக்க முடியாது. இது தெரிந்த பத்திர எழுத்தர் நஷ்டஈடு என்றே எழுத மாட்டார். "இவர் எங்களிடம் வேலை பார்த்தவர் அல்ல, மனிதாபிமான உதவி" என்று ஒரு வரி போடுவார். பணத்தைப் பார்த்த கண்ணுக்கு அந்த வரி தெரியாது. வருகைப் பதிவேடு இல்லாத வேலையில், உங்கள் கணவர் கையெழுத்தே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். சிலிக்கோசிஸ் பல வருடம் கழித்தும் வெளிப்படும் நோய், அன்றைக்கும் அதே வரி வந்து நிற்கும்.

ஸ்கேனில் சிலிக்கோசிஸ் இல்லை என்றால், அந்த வரியை அடித்துவிட்டு, பேங்க் வழியாக ஒன்றரை லட்சத்தை வாங்கிக்கொள்ளுங்கள். சிஓபிடி என்ற பெயரை வைத்து நான் வழக்குப் போட மாட்டேன்.

இருக்கிறது என்றால் கணக்கு வேறு. சம்பளம் மாதம் 15,000-க்குக் குறையாமல் என்று வைத்தால் (சட்டத்தின் உச்சவரம்பும் அதுதான்), நிரந்தர முழு இயலாமைக்கு அதில் 60 சதவீதத்தை 50 வயதுக்கான காரணி எண் 153.09-ஆல் பெருக்க வேண்டும்: 13,77,810 ரூபாய். உழைப்புத் திறனில் 30 சதவீதம் போனது என்று டாக்டர் சொன்னாலே 4 லட்சத்தைத் தாண்டும். முதலில் மனு, பிறகு பேச்சு. கூட்டிப்போன மேஸ்திரியோடு நிற்காமல் மெயின் கான்ட்ராக்டரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். 3 லட்சத்துக்குக் கீழே இறங்க வேண்டாம், அதற்கு மேல் வந்தால் வழக்கை இழுக்காமல் முடித்துக்கொள்ளலாம். ஒப்பந்தம் ஆணையரிடம் பதிவாக வேண்டும்.

வேலைக்குப் போகாமல் நின்ற நாளிலிருந்து 2 வருடக் கெடு. 2027 ஏப்ரலுக்குள் மனு உள்ளே போயிருக்க வேண்டும்.