வெளியூர் வேலைக்குத் தற்காலிக அறை: கணக்கு, முன்பணம், மீட்டர்

கேள்வி: மூன்று மாத வேலைக்காக வெளியூர் போகிறேன். தங்கும் செலவு என்னுடையது. ஹோட்டல், சர்வீஸ் அபார்ட்மென்ட் (சாமான், சமையலறையோடு குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விடும் வீடு), பலர் சேர்ந்து தங்கும் வீட்டில் ஓர் அறை, இந்த மூன்றில் எது கட்டுப்படியாகும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

பதில்: வாடகையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்குத் தப்பும். மின்சாரம், தண்ணீர், இணையம், தரகு, சுத்தம் செய்யும் கட்டணம், வேலைக்குப் போய்வரும் செலவு, சாப்பாடு எல்லாவற்றையும் வாடகையோடு கூட்டுங்கள். வந்த மொத்தத்தைத் தங்கப்போகும் இரவுகளால் வகுத்தால் ஓர் இரவுக்கு உண்மையில் என்ன ஆகிறது என்று தெரியும். திரும்பி வரும் டெபாசிட் செலவில் சேராது. ஆனால் அந்தப் பணம் மூன்று மாதம் கையில் இருக்காது, அதற்கும் வழி வைத்திருக்க வேண்டும்.

மாத அறை எந்த நாளிலிருந்து லாபம் என்பதற்கும் கணக்கு உண்டு. தரகு, படுக்கை விரிப்பு, பாத்திரம் என்று ஒரே தடவை ஆகும் செலவுகளைக் கூட்டி, ஓர் இரவுக்கு மிச்சமாகும் தொகையால் வகுங்கள். ஹோட்டல் ஓர் இரவுக்கு 100, மாத அறை ஓர் இரவுக்கு 40 என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 60. ஒரே தடவைச் செலவு 600 என்றால் 10 இரவில் சரிக்குச் சரி. அதற்கு மேல் தங்கினால் மாத அறைதான் மலிவு. இதில் ஒரு சிக்கல்: மாத வாடகையை முழு மாதமாகத்தான் வாங்குவேன் என்பவரிடம் 38 நாள் தங்கினால் இரண்டு மாத வாடகை போய்விடும். மிஞ்சும் அந்த எட்டு நாளுக்கு ஹோட்டல் எடுப்பதே மேல்.

வார வாடகை சொல்பவரிடம் நாலால் பெருக்கி மாதக் கணக்குப் பார்க்காதீர்கள். வருஷத்துக்கு 52 வாரம், ஆகவே ஒரு மாதம் என்பது 4.33 வாரம். ‘28 நாளுக்கு ஒருமுறை’ வாடகை என்றால் வருஷத்துக்கு 13 தடவை கட்டுகிறீர்கள். இணையத்தில் பதிவு செய்யும்போது 7 இரவுக்கும் 28 இரவுக்கும் தள்ளுபடி கொடுக்கும் இடங்கள் நிறைய. 26 இரவு தேவைப்பட்டால் 28 இரவுக்கும் விலை கேட்டுப் பாருங்கள், சில சமயம் மொத்தமே குறைந்துவிடும். பதிவு செய்யும் முன் ரத்து விதியைப் படியுங்கள். நீண்ட தங்கலுக்கு அது பெரும்பாலும் கடுமையாக இருக்கும்.

தூரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். போக 45 நிமிடம், வர 45 நிமிடம் என்றால் 22 வேலை நாளில் 33 மணி நேரம் வழியிலேயே கழிகிறது. அடுப்பும் ஃப்ரிட்ஜும் இல்லாத அறையையும் மலிவு என்று நம்பாதீர்கள். மூன்று வேளையும் வெளியே சாப்பிடும் செலவு வாடகையில் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், ஊரைப் பார்க்காமல் மூன்று மாதத்துக்கு முடிவு செய்யாதீர்கள். வேலையிடத்துக்குப் பக்கத்தில் ஐந்து முதல் ஏழு இரவுக்கு மட்டும், ரத்து செய்தால் பணம் திரும்பும் விதத்தில் ஓர் இடத்தைப் பதிவு செய்யுங்கள். அங்கிருந்துகொண்டு அறை தேடுங்கள். உடன் வேலை செய்பவர்களிடமும் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிலும் கேளுங்கள். ஒப்பந்தம் முடிந்து கிளம்பும் ஒருவரின் அறை காலியாகும் செய்தி விளம்பரமாக வருவதற்கு முன் அங்கேதான் வரும். விடுமுறைக் காலத்தில் தங்கள் விடுதி அறைகளை வெளியாருக்கு விடும் பல்கலைக்கழகங்களும் உண்டு.

கேள்வி: இணையத்தில் ஓர் அறை பாதி வாடகைக்குக் கிடைக்கிறது. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறாராம். அட்வான்ஸ் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகச் சொல்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். சுற்றுவட்டாரத்தை விட ரொம்பக் குறைந்த வாடகை, நேரில் வர முடியாத உரிமையாளர், ‘இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள்’ என்ற அவசரம், மூன்றும் சேர்ந்தால் மோசடியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

படங்களைத் தேடுபொறியின் படத்தேடலில் போட்டுப் பாருங்கள். அதே படம் வேறு ஊர் விளம்பரத்தில் வேறு பெயரில் வந்தால் விஷயம் முடிந்தது. வராவிட்டாலும் உண்மை என்று ஆகிவிடாது. நேரலை வீடியோவில் தெருவாசலிலிருந்து அறைவரை நடந்து காட்டச் சொல்லுங்கள், நடுவில் குழாயைத் திறக்கச் சொல்லுங்கள். முன்பே எடுத்து வைத்த வீடியோவில் அது முடியாது. ஆனால் இதுவும் போதாது. ஒரு வீட்டை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து, தன் வீடு என்று பத்துப் பேரிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மறையும் ஆட்களும் இருக்கிறார்கள். ஆகவே அடையாள அட்டை, மின் கட்டண ரசீது, பணம் போகும் வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் வேறாக இருந்தால் அதற்கான எழுத்துச் சான்று கேளுங்கள். கிஃப்ட் கார்டு, கிரிப்டோ நாணயம், அஞ்சலில் ரொக்கம் என்ற வழிகளில் பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அந்த வழிகளில் போன பணத்தைத் திருப்புவது ஏறக்குறைய முடியாத காரியம். ஏற்கெனவே அனுப்பிவிட்டால் தாமதிக்காமல் வங்கிக்கும் காவல்துறைக்கும் சொல்லுங்கள்.

உங்கள் அடையாள அட்டையின் நகலைக் கொடுக்கும்போது அதன் குறுக்கே ‘அறை வாடகைக்கு மட்டும்’ என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: அறையைப் பார்க்கப் போனால் இருபது நிமிடத்தில் எதையெல்லாம் பார்ப்பது?

பதில்: மாலையில் போங்கள். நீங்கள் அறையில் இருக்கப்போவது அந்த நேரத்தில்தான். பக்கத்துச் சத்தம், தண்ணீர் வரத்து, தெருவிளக்கு எல்லாம் அப்போது உள்ளபடி தெரியும்.

குளியலறைக் குழாயில் ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடித்து நேரம் பாருங்கள். 10 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 6 லிட்டர், நல்ல வரத்து. 30 விநாடி ஆனால் நிமிடத்துக்கு 2 லிட்டர்தான், 15 லிட்டர் வாளி நிரம்ப ஏழரை நிமிடம் நிற்க வேண்டும். சமையலறைக் குழாயையும் கூடவே திறந்துவிட்டுப் பாருங்கள்.

தனி மின் மீட்டர் என்று சொன்னால் சோதித்துவிடுங்கள். அறையில் எல்லா ஸ்விட்சையும் அணைத்து, ஃப்ரிட்ஜின் பிளக்கையும் பிடுங்குங்கள். அதற்குப் பிறகும் மீட்டரின் சிறு விளக்கு துடித்துக்கொண்டே இருந்தால் வேறு யாருடைய மின்சாரமோ உங்கள் கணக்கில் ஏறுகிறது. அடுத்து 2000 வாட் ஹீட்டரை மூன்று நிமிடம் ஓட விடுங்கள். மீட்டர் 0.1 யூனிட் நகர வேண்டும். 0.2 நகர்ந்தால் மீட்டர் கோளாறு, அல்லது இணைப்பு கோளாறு. ஒரு யூனிட்டுக்கு என்ன விலை என்பதையும் எழுதி வாங்குங்கள். மின்வாரியத்துக்குக் கட்டுவதைவிட அதிகம் வைத்து வாங்கும் உரிமையாளர்கள் உண்டு.

மூட்டைப்பூச்சியைத் தேட செல்போன் வெளிச்சம் போதும். மெத்தையின் ஓரத் தையலை விரலால் விரித்துப் பாருங்கள், பிறகு கட்டிலின் மூட்டுகள், ஸ்க்ரூ துளைகள், தலைமாட்டுப் பலகையின் பின்பக்கம். வளர்ந்த பூச்சி 5 மில்லிமீட்டர் அளவில் தட்டையாக, செம்பழுப்பாக இருக்கும். பூச்சி கண்ணில் படாவிட்டாலும் துணியில் மை ஊறியது போன்ற கரும்புள்ளிகள் காட்டிக்கொடுக்கும். ‘மருந்து அடித்துவிட்டோம், அறை ரெண்டு மாசமாகப் பூட்டித்தான் கிடக்கிறது’ என்ற பதிலை நம்ப வேண்டாம். மூட்டைப்பூச்சி ரத்தம் குடிக்காமல் பல மாதம் உயிரோடு இருக்கும். அறையை விட்டுவிடுங்கள், பெட்டியோடு பூச்சியைச் சொந்த வீட்டுக்குக் கொண்டுபோவது இதைவிடப் பெரிய செலவு.

எரிவாயுவில் ஓடும் கீசர் குளியலறைக்குள்ளேயே இருந்து, புகை வெளியேறும் குழாய் இல்லாவிட்டால் எவ்வளவு மலிவானாலும் அந்த அறை வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, வாந்தி உணர்வு என்று தொடங்கி ஆளை மயக்கிக் கொன்றுவிடும். சுடர் நீலமாக எரியாமல் மஞ்சளாக எரிவது எச்சரிக்கை.

கடைசியாக, கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து ஒரு போன் பேசிப் பாருங்கள், சிக்னல் கிடைக்கிறதா, சத்தம் தொந்தரவா என்று தெரிந்துவிடும்.

கேள்வி: திங்கள் முதல் வியாழன் இரவு வரைதான் தங்குவேன். முழு மாத வாடகை கொடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை, கேட்டுப் பாருங்கள். மாதத்துக்குச் சராசரியாக 17 இரவுதான் வருகிறது. குடும்பத்தோடு இருந்துகொண்டு ஓர் அறையை விடுபவர்களுக்கு வார இறுதியில் வீடு தங்களுக்கே கிடைப்பது பிடிக்கும், வாடகையைக் குறைப்பார்கள். பெட்டியையும் துணியையும் வெள்ளிக்கிழமை எடுத்துப் போக வேண்டுமா, அங்கேயே வைக்கலாமா என்பதை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். பிற்பாடு தகராறு வருவது இதில்தான்.

கேள்வி: வேலை பாதியில் முடிந்து கிளம்ப நேர்ந்தால் டெபாசிட் போய்விடுமா?

பதில்: ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைத் தேடுங்கள். ‘குறைந்தபட்சத் தங்கல்’ என்று இருந்தால் அந்தக் காலத்துக்கு முன் கிளம்பினாலும் மிச்ச வாடகையைக் கேட்பார்கள். ‘நோட்டீஸ் காலம்’ என்பது முன்கூட்டியே சொல்ல வேண்டிய நாட்கள். மூன்று மாதத் தங்கலுக்கு இரண்டு மாத நோட்டீஸ் என்பது நியாயமே இல்லை. 15 நாளாகக் குறைக்கச் சொல்லுங்கள். கூடவே ‘பணியிடம் மாறினாலோ பணி முடிந்தாலோ, நிறுவனத்தின் கடிதத்தைக் காட்டி 15 நாள் நோட்டீஸில் வெளியேறலாம்’ என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு முன் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும், பின்னால் கேட்டால் கிடைக்காது.

டெபாசிட் அதிகம் கழிக்கப்படுவது சுவர்க்கறை, உடைந்த சாமான், பெயின்ட் என்ற பெயரில். குடிபோகும் நாளிலேயே சுவர், தரை, கட்டில், அலமாரிக் கதவு, மீட்டர் எண் எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றே உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்பிய தேதியே சாட்சி. காலி செய்யும் நாளிலும் அப்படியே செய்து, சாவி கொடுத்ததற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். எத்தனை நாளில் பணம் திரும்பும் என்பதும் ஒப்பந்தத்தில் எண்ணாக இருக்க வேண்டும். ‘கூடிய சீக்கிரம்’ என்று எழுதியிருந்தால் கெடு எதுவும் இல்லை என்றே அர்த்தம்.

கேள்வி: ஏற்கெனவே குடியிருப்பவர் தன் வீட்டில் ஓர் அறையை உள்வாடகைக்குத் தருகிறார். எடுக்கலாமா?

பதில்: வீட்டு உரிமையாளர் எழுத்தில் சம்மதித்திருந்தால் எடுக்கலாம், இதில்தான் வாடகை குறைவாகக் கிடைக்கும். சம்மதம் இல்லாவிட்டால், உங்களுக்கு அறை தந்தவரை வெளியேற்றும் நாளில் உங்களுக்கும் இடம் இல்லை, டெபாசிட்டை உரிமையாளரிடம் கேட்கவும் முடியாது. அறை தருபவர் தன் வாடகையைக் கட்டி வருகிறாரா என்பதற்குக் கடைசி இரண்டு மாத ரசீதைப் பாருங்கள். நீங்கள் கொடுக்கும் பணத்துக்கும் மாதாமாதம் ரசீது வாங்குங்கள். பின்னாளில் நிறுவனம் தங்கும் செலவைத் திருப்பித் தர முன்வந்தாலும் அந்த ரசீதைத்தான் முதலில் கேட்கும்.