சென்ட்ரல் வாக்குவம்: மோட்டாரை மாற்றும் முன் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்

மோட்டாரும் தூசு வாளியும் உள்ள பவர் யூனிட் ஒரு மூலையில், பைப் எல்லாம் சுவருக்குள், அறைக்கு அறை ஹோஸைச் செருக ஒரு வாய். வீடு முழுவதற்கும் தூசு இழுக்கும் சென்ட்ரல் வாக்குவம் என்றால் இவ்வளவுதான். ஆனால் பாதிக்கு மேல் கண்ணில் படாத இடத்தில் இருப்பதால், எது பழுதானாலும் "மொத்தமாக மாற்றுங்கள்" என்று சொல்லிவிடுவது சுலபமாக இருக்கிறது. வந்திருக்கும் கேள்விகளைப் பார்த்தால் பலரும் அப்படித்தான் செலவு செய்யப் போகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

கேள்வி: எங்கள் சென்ட்ரல் வாக்குவத்தில் சில மாதமாக இழுப்பே இல்லை. சத்தம் மட்டும் பழையபடி வருகிறது. பார்க்க வந்தவர், "மோட்டார் போய்விட்டது, மாற்றிவிடலாம்" என்கிறார். வீடு வாங்கும்போதே இருந்த யூனிட், வயது தெரியாது. சரி என்று சொல்லிவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். மோட்டார் போகிற நிலையில் இருந்தால் அது சும்மா இருக்காது. பேரிங் தேய்ந்தால் கீச்சென்று கத்தும். கார்பன் பிரஷ், அதாவது மோட்டாரின் சுற்றும் பாகத்தை உரசி மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு, தேய்ந்தால் விட்டு விட்டு ஓடும், கருகல் வாடை வரும். உங்களுடையது ஒழுங்காக ஓடுகிறது, ஆனால் ஹோஸ் முனையில் இழுப்பு இல்லை. அப்படியானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்று போகும் வழியைத்தான். ஒன்று, எங்கோ அடைத்திருக்கிறது. இல்லையென்றால், எங்கோ ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது.

இரண்டில் எது என்று காதாலேயே ஓரளவு பிடித்துவிடலாம். வழி அடைபட்டால் மோட்டார் தள்ள வேண்டிய காற்று குறையும், சுமை குறையும், அதனால் வேகமாகச் சுற்றும். சத்தம் கூர்மையாக ஏறும். ஓட்டை இருந்தால் சத்தம் அவ்வளவாக மாறாது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ஓட்டைக்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் மாதக்கணக்கில் மெல்ல ஏறிய சத்தம் காதுக்குப் பழகிப்போயிருக்கும், ஆகவே இரண்டையும் பாருங்கள்.

தேட ஆரம்பிக்க வேண்டிய இடம் யூனிட். எல்லோரும் ஹோஸிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். பல யூனிட்டுகளில் உடம்பிலேயே ஒரு வாய் இருக்கும். இல்லாவிட்டால் யூனிட்டுக்கு மிக அருகில் உள்ள சுவர் வாயை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஹோஸைச் செருகி இழுப்பைப் பாருங்கள். பலமாக இருந்தால் யூனிட்டும் ஹோஸும் நன்றாக இருக்கின்றன, கோளாறு சுவருக்குள் ஓடும் பைப்பிலோ மற்ற வாய்களிலோ. அங்கேயே இழுப்பு இல்லை என்றால் ஹோஸை எடுத்துவிட்டு அந்த வாயை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். கை ஒட்டிக்கொண்டால் குற்றவாளி ஹோஸ். ஒட்டவில்லை என்றால் யூனிட்டைத் திறக்க வேண்டியதுதான்.

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, தூசு விழும் வாளியைக் கழற்றுங்கள். உள்ளே பை இருந்தால் அது நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். பை பாதி காலியாகத் தெரிந்தாலும், நுண்தூசு துளைகளை அடைத்திருந்தால் அந்தப் பை முடிந்த பைதான். துணி ஃபில்டர் என்றால் தட்டிப் பாருங்கள்; உட்பக்கம் மாவு பூசியது போல் ஒரு படலம் இருந்தால் இழுப்பு எங்கே போனது என்று தெரிந்துவிடும். கழுவலாமா கூடாதா என்பது ஃபில்டருக்கு ஃபில்டர் மாறும், கையேட்டைப் பாருங்கள். கழுவினால் முழுசாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும்.

வாளியைத் திரும்ப மாட்டும் முன், அதன் விளிம்பு போய் உட்காரும் ரப்பர் வளையத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவுங்கள். பலர் கவனிக்காத இடம் இது. ஒரு சிறு கல், ஒரு வெடிப்பு, ஓரிடத்தில் ரப்பர் அமுங்கிப்போயிருப்பது, இதில் ஒன்று போதும், காற்று அந்த வழியாகவே உள்ளே போய்விடும். சரிபார்க்க, யூனிட்டை ஓடவிட்டு விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய டிஷ்யூ துண்டைக் கொண்டு போங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் அது உள்ளே இழுபடும். அதே டிஷ்யூவை ஒவ்வொரு சுவர் வாயின் மூடியிலும் காட்டுங்கள். மூடியின் பின்னால் இருக்கும் ரப்பர் இற்றுப்போயிருந்தால் அங்கும் இழுபடும். இந்த ரப்பர்கள்தான் இந்த அமைப்பிலேயே மலிவான பாகங்கள். எல்லா வாயும் மூடியிருக்கும்போது யூனிட்டை அதிக நேரம் ஓடவிடாதீர்கள். இழுக்கும் காற்றே மோட்டாரைக் குளிரவைக்கும் வகை என்றால் சூடேறிவிடும்.

யூனிட்டிலிருந்து வெளியே போகும் காற்றுப் பைப்பின் முனையையும் போய்ப் பாருங்கள். பூச்சிக்கூடு, பறவைக்கூடு, பஞ்சுபோன்ற தூசு என்று எதுவும் அங்கே அடைத்திருக்கலாம்.

கடைசியாக அந்தப் பணியாளரிடம் ஒன்று கேளுங்கள்: "வாக்குவம் கேஜ் வைத்து அளந்தீர்களா?" வாயை மூடி கேஜ் வைத்தால், யூனிட் எத்தனை அங்குல நீரை மேலே இழுக்கும் என்ற கணக்கில் அளவு காட்டும். அது யூனிட்டின் விவரப் பட்டியலில் உள்ள அளவுக்குப் பக்கத்தில் வந்தால் மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை. அளக்காமல் மோட்டார் போய்விட்டது என்று சொல்வது வெறும் ஊகம், அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு மோட்டார் நிஜமாகவே எரிந்துவிட்டது, புகையே வந்தது. யூனிட் கம்பெனியில் கேட்டால் இந்த மாடல் நிறுத்தப்பட்டுவிட்டது, புது யூனிட்தான் வாங்க வேண்டும் என்கிறார்கள். வேறு வழி இல்லையா?

இருக்கிறது. யூனிட்டின் மேல் ஒட்டியிருக்கும் பெயர் வேறு, உள்ளே இருக்கும் மோட்டாரைச் செய்தவர் வேறு. அமெடெக் லாம்ப் போன்ற சில மோட்டார் தயாரிப்பாளர்களிடமிருந்துதான் பல பிராண்டுகள் வாங்கிப் பொருத்துகின்றன. அதனால் யூனிட் மாடல் நின்றுபோனாலும் மோட்டாரோ அதற்கு ஈடானதோ கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. பழைய மோட்டாரைக் கழற்றி, அதன் உடம்பில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள பாக எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

எண் அழிந்துபோயிருந்தால் அளந்துதான் வாங்க வேண்டும். முதலில் வோல்ட்; 120 வோல்ட் மோட்டாரும் 240 வோல்ட் மோட்டாரும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அதனால் படத்தை நம்பி வாங்காதீர்கள். அடுத்து, விசிறி இருக்கும் உலோக உறையின் விட்டம். 5.7, 7.2, 8.4 அங்குலம் ஆகியவை வழக்கமான அளவுகள். உறைக்குள் விசிறி ஒன்றா, இரண்டா, மூன்றா என்பது மூன்றாவது. மோட்டாரின் மொத்த உயரமும் ஒத்துவர வேண்டும்.

நான்காவதுதான் பெரும்பாலும் தப்பாகப் போகிற இடம்: காற்று எந்த வழியாக வெளியேறுகிறது என்பது. ஒரு வகையில், இழுத்த காற்று மோட்டாரின் கம்பிச் சுற்று வழியாகவே போய் அதைக் குளிரவைக்கும். இன்னொரு வகையில், இழுத்த காற்று பக்கவாட்டில் ஒரு குழாய் வழியாக வெளியே போய்விடும், மோட்டாரைக் குளிரவைக்கத் தனி விசிறி இருக்கும். முதல் வகை மலிவாக இருக்கிறது என்று இரண்டாவது வகை யூனிட்டில் பொருத்த முடியாது. பக்கக் குழாய் உள்ள மோட்டார் என்றால் அந்தக் குழாயின் நீளமும் பொருந்த வேண்டும்.

மோட்டாரோடு புது கேஸ்கெட்டும், அதாவது மோட்டார் உட்காரும் இடத்தில் காற்றுப் புகாமல் அடைக்கும் வளையமும், சேர்த்து வாங்குங்கள். பழைய கேஸ்கெட் பழைய மோட்டாரின் அழுத்தத்தில் நசுங்கியிருக்கும், புதிதுக்கு அது காற்றுப் புகாமல் உட்காராது. ஒயர்களைக் கழற்றும் முன் ஒரு படம். யூனிட்டில் இரண்டு மோட்டார் இருந்தால், மற்றதற்கும் அதே வயதுதான், அதன் கார்பன் பிரஷையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

பிரஷ் மட்டும் தேய்ந்த மோட்டாரை எறிய வேண்டியதில்லை. பிரஷ் உரசும் செம்பு உருளை வழவழப்பாக இருந்தால் புதுப் பிரஷ் போட்டு இன்னும் ஓட்டலாம். குழி விழுந்து கருத்திருந்தால் பிரஷ் மாற்றுவது வீண். புதுப் பிரஷை முதலில் குறைந்த வோல்டில் சிறிது நேரம் ஓடவிட்டு, உருளையின் வளைவுக்கு ஏற்பப் படிய வைக்க வேண்டும். நேராக முழு வோல்ட் கொடுத்தால் பொறி பறந்து செம்பு உருளை கெட்டுவிடும். இதற்கான வசதி உள்ள பணியாளரிடம் கொடுப்பது நல்லது. பிரஷ் எவ்வளவு நாள் வரும் என்றால், வாரத்துக்கு 1 மணி நேரம் ஓடும் வீட்டில் ஆண்டுக்கு 52 மணி நேரம்தான் ஆகிறது. பல நூறு மணி நேரம் தாங்கும் பிரஷ் பல ஆண்டுகளுக்கு வரும்.

கேள்வி: ஹோஸ் கிழிந்துவிட்டது. ஆன்லைனில் ஏகப்பட்டது இருக்கிறது. எந்தப் பிராண்டு ஹோஸும் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும், ஆனால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். சுவரில் செருகும் முனையின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். 1½ அங்குலம், அதாவது 38 மி.மீ. பரவலான அளவு. அடுத்து, கைப்பிடியில் சுவிட்ச் இருக்கிறதா, அந்தச் சுவிட்சின் இணைப்பு சுவர் வாயில் உள்ள இரண்டு சிறிய உலோகப் புள்ளிகளைத் தொடும்படி இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, உங்கள் தரைத்தலையில் (தரையைச் சுத்தம் செய்ய ஹோஸில் மாட்டும் தலை) பிரஷ் சுற்றுவது மின்சாரத்தாலா, காற்றாலா? மின்சாரம் என்றால் ஹோஸுக்குள்ளேயே மின் ஒயர் ஓட வேண்டும், செருகும் முனையும் உங்கள் சுவர் வாயின் வகைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். காற்றில் சுற்றும் தலைக்கு அது தேவையில்லை. சுவருக்குள் தானாக உள்ளிழுத்துக்கொள்ளும் ஹோஸ் என்றால் இதெல்லாம் பொருந்தாது, அதற்கென்றே வரும் ஹோஸ்தான் வேண்டும்.

நீளத்தில் ஆசைப்படாதீர்கள். 9 மீட்டர் உங்கள் வீட்டின் எல்லா மூலைக்கும் எட்டினால் 12 மீட்டர் வேண்டாம். நீளம் கூடக் கூட இழுப்பு குறையும், தூக்கிச் சுமக்கவும் வேண்டும்.

கிழிந்தது செருகும் முனைக்குப் பக்கத்தில்தான் என்றால், ஹோஸில் ஒயர் இல்லாத பட்சத்தில் அந்தத் துண்டை வெட்டிவிட்டு முனையை மட்டும் புதிதாக மாட்டலாம். தரைத்தலைக்கு பெல்ட் மாற்றும்போது பழையது பல் உள்ளதா, பட்டையா என்று பார்த்து அதையே வாங்குங்கள். உருளையில் சுற்றிய முடியை அப்போதே வெட்டி எடுத்துவிடுங்கள். பெல்ட் அறுவதற்குப் பெரும்பாலும் அந்த முடிதான் காரணம்.

கேள்வி: குழந்தை பென்சிலை ஹோஸில் விட்டுவிட்டாள். சுவருக்குள் போயிருந்தால் சுவரை உடைக்க வேண்டுமா?

பதற வேண்டாம். ஒழுங்காகப் பைப் போட்ட வீட்டில், சுவர் வாய்க்கு நேர் பின்னால் இருக்கும் வளைவுதான் மொத்த வழியிலும் நெருக்கமானது. அதைத் தாண்டிய எதுவும் பொதுவாக வாளிக்கே போய்விடும். ஆகவே பென்சில் ஹோஸிலோ அந்த முதல் வளைவிலோதான் இருக்கும். சாதாரண வாக்குவம் கிளீனர் ஒன்றை இரவல் வாங்கி வந்து, ஹோஸின் கைப்பிடி முனையில் வைத்து எதிர்த்திசையில் இழுங்கள். பென்சில் வந்த வழியே திரும்பும். சுவர் வாயிலும் இப்படியே. கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். ஹோஸ் கிழியும், சுவர் வாயில் மின்சாரம் வரும் வகை என்றால் ஆபத்தும்கூட.

கேள்வி: சுவிட்சைப் போட்டால் எதுவும் நடப்பதில்லை. போர்டு போய்விட்டதா?

முதலில் யூனிட்டின் பிளக்கில் மின்சாரம் வருகிறதா, உடம்பில் உள்ள ரீசெட் பட்டன் வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால், சுவர் வாய்களிலிருந்து யூனிட்டுக்கு வரும் இரண்டு மெல்லிய ஒயர்களைக் கழற்றிவிட்டு, யூனிட் பக்கம் உள்ள அந்த இரண்டு முனைகளையும் ஒரு சிறு ஒயரால் இணையுங்கள். அது பெரும்பாலும் 24 வோல்ட் மட்டுமே. பக்கத்தில் இருக்கும் பெரிய மின் இணைப்பைத் தொடக்கூடாது. யூனிட் ஓடினால் யூனிட்டில் கோளாறு இல்லை. ஒயர், சுவர் வாய், ஹோஸ் சுவிட்ச் என்று தேடலாம். ஓடவில்லை என்றால் ரிலே (மோட்டாருக்கு மின்சாரத்தைத் தானாக இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்), டிரான்ஸ்ஃபார்மர், போர்டு அல்லது மோட்டார்.

இதற்கு நேர்மாறாக, நிறுத்தினாலும் ஓடிக்கொண்டே இருந்தால் அந்த இரண்டு ஒயர்களையும் கழற்றுங்கள். நின்றுவிட்டால் ஒயர் எங்கோ ஒன்றோடொன்று உரசுகிறது. நிற்கவில்லை என்றால் ரிலே ஒட்டிக்கொண்டது.

கேள்வி: வீட்டில் பூச்சு வேலை நடக்கிறது. தூசை இதிலேயே இழுத்துவிடலாமா?

கூடவே கூடாது. பூச்சுத்தூள், சிமென்ட், சாம்பல் எல்லாம் ஃபில்டரின் துளைகளை அடைத்துவிடும், பை இல்லாத யூனிட்டில் மோட்டார் வரைக்கும் போகும். ஈரமும் கூடாது. வேலைக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், வேலை முடியும் வரை ஹோஸை எடுத்துப் பூட்டி வையுங்கள்.

கேள்வி: யூனிட்டையே மாற்ற முடிவு செய்துவிட்டோம். பைப்பையும் மாற்றச் சொல்கிறார்கள். அவசியமா? எதைப் பார்த்து வாங்குவது?

பைப் உடையாமல், இணைப்புகளில் காற்றுப் புகாமல் இருந்தால் மாற்ற ஒரு காரணமும் இல்லை. பெரும்பாலான வீடுகளில் அது 2 அங்குல வெளிவிட்டம், அதாவது 50.8 மி.மீ. உள்ள மெல்லிய பிவிசி பைப். புது யூனிட்டுகளும் அந்த அளவுக்கே வருகின்றன. அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள். எங்காவது ஒரு துண்டு மாற்ற வேண்டி வந்தால் தண்ணீர்க் குழாயை வாங்கிவிடாதீர்கள். 2 அங்குலம் என்று விற்கும் தடித்த தண்ணீர்க் குழாயின் வெளிவிட்டம் 60 மி.மீ., இரண்டும் பொருந்தாது.

வாங்கும்போது ஆம்பியரையும் குதிரைத் திறனையும் விட்டுவிடுங்கள். அவை எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று சொல்லும், எவ்வளவு இழுக்கிறது என்று சொல்லாது. விளம்பரத்தில் பெரிதாகப் போடும் இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் நடப்பவை அல்ல. உச்ச நீர் இழுப்பு என்பது வாயை முழுக்க மூடி அளந்தது, அப்போது காற்றோட்டமே இல்லை. உச்ச காற்றோட்டம் வாயை முழுக்கத் திறந்து அளந்தது, அப்போது இழுப்பே இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்வது ஏர் வாட். அதிலும் ஏஎஸ்டிஎம் எஃப்558 என்ற, வாக்குவத்தின் இழுப்பை அளக்கும் தர முறைப்படி அளந்த எண்ணா என்று கேளுங்கள். அப்படி அளந்த இரண்டு யூனிட்டுகளைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும். அப்புறம், மோட்டாரின் பாக எண்ணையும் பையின் மாடல் எண்ணையும் ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.