திருவனந்தபுரம் திரைப்பட விழா: இரண்டே நாளில் என்ன பார்ப்பது?

முதல்முறையாகக் கேரள சர்வதேச விழாவுக்குப் போகிறீர்கள், கையில் இரண்டு நாள், நாளைக்கு ஐந்து படம் என்று ஊரெங்கும் அரங்குகளைக் குறித்து எனக்கு எழுதியிருந்தீர்கள். அந்தப் பட்டியலைக் கலைத்துவிடுங்கள் நண்பரே. டாகூர் அரங்கு வழுதக்காட்டில். கைரளி, நிளா, ஸ்ரீ மூன்றும் தம்பானூரில் ஒரே வளாகம். இரண்டு இடங்களுக்கும் இடையே அலைந்தால், படம் முடிந்து இயக்குநர் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் ஆட்டோ பிடிக்க ஓடுவீர்கள். முதல் நாள் முழுக்கத் தம்பானூரிலேயே இருங்கள். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். மூன்று படம் போதும், நிம்மதியாகப் பார்க்கலாம்.

போட்டிப் பிரிவை மட்டும் விடாதீர்கள். 1998-ல் உருவான கேரள அரசின் திரைப்பட அமைப்பான சலச்சித்ர அகாடமி நடத்தும் இந்த விழாவின் உயிரே அந்தப் பிரிவில் வரும் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கப் படங்கள்தான். விழாவின் முதன்மை விருதான சுவர்ண சகோரமும் அவற்றுக்குத்தான். பிரான்சின் கான் விழாவில் பேசப்பட்டவை எப்படியும் ஓடிடிக்கு வந்துவிடும். இவற்றில் பலவற்றை மறுபடி பார்க்கவே வாய்க்காது.

முன்பதிவு தீர்ந்துவிட்டதே என்று கவலைப்பட்டிருந்தீர்கள். சீக்கிரமே போய், இடம் கிடைக்கிறதா என்று வரிசையில் நின்று பாருங்கள். ஒருமுறை எனக்கு முன்னால் நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியை, நிகழ்ச்சிநிரலில் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்த ஒரு படத்தைக் காட்டி, "இதைப் பார்க்காமல் போகாதே மோனே" என்றார். அந்த ஆண்டு நான் பார்த்ததில் அதுதான் சிறந்த படம். இரண்டாம் நாள் மாலையை நிசாகந்தி திறந்தவெளி அரங்குக்கு ஒதுக்குங்கள்.